‘பெண்பிள்ளையிடமா தோற்றாய்?’ – சதுரங்கக் கேள்வி பதில்

கோடை விடுமுறைப் போட்டிகளைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெண்பிள்ளைகளைப் பற்றியவை. தாய்மார்களும் தந்தையரும் எழுதியிருக்கிறார்கள். ஒன்றிரண்டு பிள்ளைகளே கைப்பட எழுதியிருக்கிறார்கள். அதனால் திறப்பாட்டம், முடிவாட்டம் பற்றிய கேள்விகளை அடுத்த மாதத்துக்கு எடுத்துவைத்துவிட்டு, இந்த முறை இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

என் மகளுக்கு 12 வயது. மாவட்டப் போட்டியில் தன்னைவிட மூத்த பையன் ஒருவனை வென்றாள். அவன் கை குலுக்காமல் எழுந்து போய்விட்டான். வெளியே அவனுடைய அப்பா, “ஒரு பெண்பிள்ளையிடமா தோற்றுவிட்டு வந்தாய்?” என்று எல்லோர் முன்னாலும் திட்டினார். என் மகள் அதைக் கேட்டுவிட்டாள். அடுத்த சுற்றில் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை டிராவுக்கு ஒப்புக்கொண்டு வந்தாள். கேட்டால், “இந்தப் பையனுக்கும் அடி விழுமோ என்று பயமாக இருந்தது” என்கிறாள். அவளை எப்படித் தேற்றுவது?
– ஒரு தாய், திண்டுக்கல்

சகோதரி, தோற்ற பையனுக்கு அடி விழுமோ என்று பன்னிரண்டு வயதில் கவலைப்படுகிற பிள்ளை அருமையான பிள்ளை. அதை முதலில் அவளிடம் சொல்லுங்கள். பிறகு, அந்தப் பையன் திட்டு வாங்கியதற்கும் அவள் ஆடிய ஆட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதையும் நேராகச் சொல்லுங்கள். அது அவனுடைய அப்பாவின் தவறு. அதன் பாரத்தை உங்கள் மகள் சுமக்க வேண்டியதில்லை.

இந்த எண்ணம் எங்கே தொடங்குகிறது என்பதை நடுவராக நிற்கும் அரங்குகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். சுற்றுக்கான ஜோடிப் பட்டியலைச் சுவரில் ஒட்டியவுடன் பிள்ளைகள் மொய்த்துக்கொள்வார்கள். ஒரு பையன் விரலை வைத்துத் தன் பெயரைத் தேடுவான். அப்படியே விரலை நகர்த்தி எதிராளியின் பெயரைப் படிப்பான். அது பெண்ணின் பெயராக இருந்தால் பக்கத்தில் நிற்பவன் அவன் முதுகில் தட்டி, “ஒரு புள்ளி வந்துவிட்டது” என்பான். அதே வரியில்தான் அவளுடைய ரேட்டிங்கும், அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளிக் கணக்கும், அச்சாகியிருக்கும். அவனைவிட 150 புள்ளி கூடுதலாகக்கூட இருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. அந்த நினைப்போடு வந்து உட்காருகிறவன் யோசிக்காமல் ஆடுவான், ராணியைச் சீக்கிரமே வெளியே கொண்டுவருவான், இருபதாவது நகர்த்தலுக்குள் சிக்கிக்கொள்வான். பிறகு அவன் காது சிவந்து, தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்காது. அவனும் குழந்தைதான். பெரியவர்கள் ஊட்டிய எண்ணத்துக்கு அவன் விலை கொடுக்கிறான். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண், காய்களோடு சேர்த்து அவனுடைய அவமானத்தையும் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

இனி நீங்கள் செய்யக்கூடியது. ஆட்டம் முடிந்ததும் அவளை வராந்தாவில் நிறுத்தாதீர்கள். மரத்தடிக்கு அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுத்து, “எந்த நகர்த்தலில் ஆட்டம் உன் பக்கம் திரும்பியது?” என்று கேளுங்கள். உங்களுக்கு ஆட்டம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவள் விளக்குவாள். விளக்கும்போதே மனம் பலகைக்குத் திரும்பிவிடும். கை குலுக்காமல் போகிறவர்களைப் பற்றி நடுவரிடம் தயங்காமல் சொல்லலாம். நான் பணியில் இருக்கும் இடத்தில் பையனைக் கூப்பிட்டுக் கை குலுக்க வைத்துத்தான் அனுப்புவேன்.

அந்தத் தந்தையை மறுபடி சந்தித்தால் சண்டைக்குப் போக வேண்டாம். “உங்கள் மகன் முப்பதாவது நகர்த்தல் வரை நன்றாகத்தான் ஆடினான் என்று என் மகள் சொன்னாள்” என்று பையனின் காதிலும் விழும்படி சொல்லுங்கள். அந்த வீட்டில் அவனுடைய ஆட்டத்தை ஆட்டமாகப் பார்த்து ஒருவர்கூடப் பேசியிருக்க மாட்டார்கள்.

எங்கள் கல்லூரி அணியில் பெண்களிடம் தோற்பவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்து ஒரு வாரம் கேலி செய்வோம். யாரையும் புண்படுத்தும் எண்ணம் கிடையாது. இதில் தவறு இருக்கிறதா?
– ஒரு மாணவர், மதுரை

இருக்கிறது, தம்பி. இந்தக் கேலிக்கு ஏறத்தாழ நூறு வயது. அதன் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1929இல் செக்கோஸ்லோவாகியாவின் கார்ல்ஸ்பாத் நகரில் ஒரு பெரிய போட்டி நடந்தது. ஆடியவர்கள் 22 பேர். அவர்களில் ஒருவர் மட்டுமே பெண். அவர் வேரா மென்சிக். மாஸ்கோவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். 1927இல் பெண்களுக்கான முதல் உலகச் சாம்பியன் பட்டத்தை வென்றிருந்தார். வியன்னாவின் ஆல்பர்ட் பெக்கருக்கு இப்படி ஒரு போட்டியில் பெண்ணைச் சேர்த்ததே பிடிக்கவில்லை. மென்சிக்கிடம் தோற்பவர்களை உறுப்பினர்களாகக் கொண்டு ‘வேரா மென்சிக் கழகம்’ ஒன்றைத் தொடங்கலாம் என்று சக ஆட்டக்காரர்களிடம் சொல்லிச் சிரித்தார். அந்தப் போட்டியிலேயே மென்சிக்கிடம் தோற்று, முதல் உறுப்பினராக அவரே ஆனார்.

மென்சிக் அந்தப் போட்டியில் கடைசி இடத்தில்தான் முடித்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. அவரோடு ஆடியவர்கள் உலகின் முன்வரிசைக்காரர்கள். அங்கே கடைசியில் வந்த பிறகும் அவர் தொடர்ந்து அவர்களோடு ஆடினார் என்பதுதான் எனக்கு முக்கியம். அவரிடம் தோற்றவர்களின் பட்டியலும் நீண்டுகொண்டே போனது. அதில் ஒருவர் ஹாலந்தின் மாக்ஸ் யூவே. இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் போட்டியில் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் மென்சிக்கிடம் தோற்றார். அதே யூவே 1935இல் அப்போதைய சாம்பியன் அலெகினை வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனார். பெண்ணிடம் தோற்றதால் அவருடைய ஆட்டம் எந்த வகையிலும் குறைந்துபோகவில்லை.

கதை நம் நாட்டுக்கு வருகிறது. 1976இல் மும்பையைச் சேர்ந்த ரோகிணி காடில்கர் என்ற 13 வயதுச் சிறுமி, அதுவரை ஆண்கள் மட்டுமே ஆடிவந்த தேசியச் சாம்பியன்ஷிப்பில் ஆடினார். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் அந்தக் குடும்பம் தன் பக்க நியாயத்தை நிலைநாட்டியது. விவகாரம் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேவுக்கும் போனது. தேசிய, சர்வதேசச் சாம்பியன்ஷிப்களில் பெண்கள் ஆடுவதைத் தடுக்க முடியாது என்று அதன் தலைவர் தீர்ப்புச் சொன்னார். அப்போது தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? மாக்ஸ் யூவே.

மென்சிக்கிடம் தோற்ற நினைவுதான் அவரை அப்படிச் சொல்ல வைத்தது என்று நான் கதை கட்டமாட்டேன். ஆனால் ஒரு பெண் பலகைக்கு எதிரே உட்கார்ந்து என்ன செய்ய முடியும் என்பதை நேரில் அனுபவித்த ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தார். இன்று நம் ஊர்ச் சிறுமிகள் தடையின்றி, இருபாலரும் ஆடும் ஓபன் போட்டிகளில் பெயர் கொடுக்க முடிவதற்குப் பின்னால் அந்த 13 வயதுச் சிறுமியின் பிடிவாதமும் இருக்கிறது.

உங்கள் நண்பன் அந்த ஒரு வாரத்தை மறந்துவிடுவான். உங்கள் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு அதே அறையில் இருக்கும் அந்தப் பெண், தான் வெல்லும்போதெல்லாம் அங்கே ஒருவன் கேலிக்கு ஆளாவான் என்று தெரிந்துகொள்கிறாள். அந்த நினைப்போடு எப்படி நிம்மதியாக ஆடுவாள்? பட்டப்பெயரை இன்றோடு நிறுத்துங்கள். அடுத்த முறை யாராவது தோற்றால், வென்றவரோடு உட்கார்ந்து அந்த ஆட்டத்தை முதலிலிருந்து ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் அணியின் ஆட்டம் தானாக உயரும்.

பெண்களுக்குச் சதுரங்க மூளை இயல்பிலேயே குறைவு என்கிறார் எங்கள் கழகத்தின் மூத்த ஆட்டக்காரர். உலகின் முதல் நூறு பேரில் பெண்களைக் காண்பதே அரிது என்பதைச் சான்றாகக் காட்டுகிறார். மறுக்க முடியுமா?
– ஒரு வாசகர், கோவை

முடியும். ஏறத்தாழ 1,20,000 ஜெர்மானிய ஆட்டக்காரர்களின் ரேட்டிங்கை வைத்து ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. அங்கே ஒரு பெண்ணுக்குப் பதினாறு ஆண்கள் என்ற விகிதத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். இத்தனை ஏற்றத்தாழ்வு இருக்கும்போது, திறமை இருபாலருக்கும் சமமாக இருந்தால்கூட, உச்சியில் ஆண்களே நிறைந்திருப்பார்கள். ஒரு தெருவில் ஆயிரம் பேர் ஓடும் பந்தயத்தில் முதலில் வருபவரையும் இன்னொரு தெருவில் அறுபது பேர் ஓடும் பந்தயத்தில் முதலில் வருபவரையும் ஒப்பிட்டு, இந்தத் தெருக்காரர்களின் கால்களே வேறு என்று சொல்வது சரியா? முதல் நூறு ஆண்களுக்கும் முதல் நூறு பெண்களுக்கும் இடையிலான வேறுபாட்டில் 96 விழுக்காட்டை எண்ணிக்கையே விளக்கிவிடுகிறது என்பது அந்த ஆய்வின் முடிவு. அந்தக் கணக்கோடு மாறுபடுகிற ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் எண்ணிக்கையைக் கணக்கில் எடுக்காமல் மூளையைப் பற்றிப் பேச யாருக்கும் உரிமை இல்லை.

இன்னொரு ஆய்வு என்னை மிகவும் பாதித்தது. இத்தாலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டது. சம திறமை கொண்ட ஓர் ஆண், ஒரு பெண் என 42 ஜோடிகளை இணையம் வழியாக ஆட வைத்தார்கள். எதிரே இருப்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாதபோது பெண்கள் ஆண்களுக்குச் சமமாக ஆடினார்கள். ஆண் என்று சொன்னதும் அவர்களின் ஆட்டம் வெகுவாகச் சரிந்தது. எதிரே ஆண் இருக்கும்போதே, பெண் என்று பொய் சொன்னபோது மறுபடி சமமாக ஆடினார்கள். எதிரே இருந்தவரின் திறமை மாறவேயில்லை. பெண்களுக்குச் சொல்லப்பட்ட ஒரு தகவல் மட்டும்தான் மாறியது. ‘உனக்கு மூளை குறைவு’ என்று கழகத்தில் உட்கார்ந்து சொல்லும் பெரியவர், அந்தச் சரிவை உண்டாக்குவதில் பங்கெடுக்கிறார் என்பதை அவரிடம் பணிவாகச் சொல்லுங்கள்.

அவரைப் போலப் பேசியவர்களில் மிகப் பெரியவர், பின்னாளில் உலகச் சாம்பியனான அமெரிக்கர் பாபி ஃபிஷர். உலகின் எந்தப் பெண்ணுக்கும் ஒரு குதிரையை விட்டுக்கொடுத்துவிட்டே ஜெயிப்பேன் என்று அறுபதுகளின் தொடக்கத்தில் பேட்டி கொடுத்தார். “ஃபிஷர் ஃபிஷர்தான், ஆனால் குதிரை குதிரைதான்” என்று முன்னாள் உலகச் சாம்பியன் மிகைல் தால் பதில் சொன்னதாகச் சொல்வார்கள். சதுரங்கத்தின் உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டரை மிக இளம் வயதில் பெற்றவர் என்று ஃபிஷர் 1958இல் படைத்த சாதனையை 1991இல் முறியடித்தவர் ஜூடித் போல்கர் என்ற புடாபெஸ்ட் பெண். அப்போது அவருக்கு வயது 15. ஆண், பெண் சேர்ந்த உலகத் தரவரிசையில் எட்டாம் இடம் வரை உயர்ந்தார்; 2002இல் மாஸ்கோவில் முன்னாள் உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்றார். அதே ஆண்டில், போல்கரைவிடச் சில மாதங்கள் குறைந்த வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர் நம் கொனேரு ஹம்பி.

பத்திரிகைகள் ஏன் எப்போதும் ‘பிரக்ஞானந்தாவின் அக்கா வைஷாலி’ என்றே எழுதுகின்றன?
– ஒரு வாசகி, காஞ்சிபுரம்

எனக்கும் அது வருத்தம்தான். முதலில் சதுரங்கப் பலகைக்கு வந்தவர் வைஷாலி. அக்கா ஆடுவதைப் பார்த்துத்தான் தம்பி வந்தார். 2013இல் சென்னையில் நார்வேயின் மாக்னஸ் கார்ல்சன் ஒரே நேரத்தில் பலரோடு ஆடியபோது அவரை 12 வயது வைஷாலி வென்றார். 2023இல் பெண்கள் கிராண்ட் சுவிஸ் பட்டத்தை வென்று, அதே ஆண்டின் இறுதியில் கிராண்ட்மாஸ்டருக்கான 2500 புள்ளியைக் கடந்தார். உலகிலேயே அக்காவும் தம்பியும் கிராண்ட்மாஸ்டர்களாக இருக்கும் முதல் வீடு அது. அவர் பெயரை மட்டும் எழுதினாலே வாசகர்களுக்குப் புரியும்.

ஓபன் போட்டியில் என் மகன் ஆறரைப் புள்ளி எடுத்தும் பரிசு இல்லை. ஐந்து புள்ளி எடுத்த ஒரு சிறுமிக்குச் ‘சிறந்த பெண் ஆட்டக்காரர்’ பரிசு. இது நியாயமா? பெண்களுக்காகவே விதியை வளைக்கிறார்கள்.
– ஒரு தந்தை, திருச்சி

ஐயா, ஆறரை எடுத்தும் வெறுங்கையோடு திரும்பிய பிள்ளையின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பரிசுப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். ஒன்பது வயதுக்கு உட்பட்டோர், அறுபது வயதைக் கடந்தோர், ரேட்டிங் இல்லாதோர், அந்தந்த மாவட்டத்தார் என்று எத்தனை பிரிவுகள்! அவர்களும் உங்கள் மகனைவிடக் குறைந்த புள்ளி எடுத்தவர்கள்தான். அவர்களைப் பற்றி எனக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை. உலகில் ரேட்டிங் பெற்றவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே பெண் என்ற நிலையில், அந்த ஒருவர் அடுத்த போட்டிக்கும் வர வேண்டும் என்று வைக்கும் பரிசு அது.

பெண்களுக்கான தனிப் பட்டங்களைப் பற்றி என் கருத்து கொஞ்சம் வேறு. பெண் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2300 புள்ளி போதும். கிராண்ட்மாஸ்டருக்கு 2500 வேண்டும். முதல் படியாக அந்தப் பட்டத்தை நான் மதிக்கிறேன். சென்னையின் விஜயலட்சுமி 2001இல் இந்தியாவின் முதல் பெண் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது எங்களில் எத்தனை பேருக்கு அது நம்பிக்கை தந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் 2300-ஐ எல்லைக்கோடாகப் பயிற்சியாளர்களே நினைப்பதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது.

பெண்களுக்காகவே விதியை வளைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பெண்ணுக்கு எதிராக வளைத்த கதையும் உண்டு. 1986இல் ஃபிடே, ரேட்டிங் பட்டியலில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் 100 புள்ளிகளை இலவசமாகக் கூட்டியது. ஜூடித்தின் அக்கா சூசன் போல்கருக்கு மட்டும் கொடுக்கவில்லை. மற்றப் பெண்கள் தங்களுக்குள் ஆடியதால் அவர்களின் புள்ளி குறைவாகத் தெரிகிறது, சூசன் ஆண்களோடு ஆடிப் பெற்ற புள்ளி சரியானது என்று காரணம் சொன்னார்கள். 17 வயதுச் சூசன் பெண்கள் தரவரிசையில் முதலிடத்தை இழந்தார். ஆண்களோடு துணிந்து ஆடியதற்குக் கிடைத்த தண்டனை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

என் மகளுக்கு 16 வயது. அவளுடைய பயிற்சியாளர் இரவு பதினொன்றுக்கு மேல் ஆட்டத்துக்குத் தொடர்பில்லாத செய்திகளை அனுப்புகிறார், புகைப்படம் கேட்கிறார். “கிளப்பை விட்டே நிறுத்திவிடு” என்கிறார் என் கணவர்.
– ஊர் பெயர் வேண்டாம்

நிறுத்த வேண்டியது அந்த மனிதரை. உங்கள் மகளை அல்ல. இதை உங்கள் கணவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

செய்திகளை அழிக்காதீர்கள், தேதி, நேரம் தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மகளிடம், “உன் மேல் ஒரு தவறும் இல்லை” என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு போனைக் கேளுங்கள். அவள் 18 வயதுக்கு உட்பட்டவள் என்பதால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அவளுக்குத் துணை நிற்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம். கிளப்பின் நிர்வாகியிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் விளையாட்டுப் பயிற்சி நிலையங்களையும் போட்டி நடக்கும் இடங்களையும் பணியிடம் என்றே வரையறுத்திருக்கிறது. இது பல நிர்வாகிகளுக்கே தெரியாது.

உங்கள் மகள் தனி ஆள் இல்லை. 2023இல் பிரான்ஸில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண் ஆட்டக்காரர்கள் சதுரங்க உலகில் தாங்கள் பட்ட தொல்லைகளை வெளிப்படையாகச் சொல்லும் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். வேறு பயிற்சியாளரை ஏற்பாடு செய்து, அடுத்த போட்டிக்கு அவளை அழைத்துப் போங்கள். வழி தெரியாவிட்டால் பத்திரிகை முகவரிக்கு எனக்கு எழுதுங்கள்.

நேரலையில் பெண்கள் ஆடும்போது உடையையும் முடியையும் பற்றியே பார்வையாளர்கள் எழுதுகிறார்கள். இதற்கு என்ன செய்வது?
– ஒரு வாசகி, சேலம்

2024 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் சீ போட்டியில் ஆடித் திரும்பிய திவ்யா தேஷ்முக் இதைத்தான் எழுதினார். தன் ஆட்டத்தை விட்டுவிட்டுத் தலைமுடி, உடை, உச்சரிப்பு பற்றியே பார்வையாளர்கள் பேசுகிறார்கள் என்றார். அப்போது அவருக்கு வயது 18. அடுத்த ஆண்டில் ஜார்ஜியாவின் பாத்துமியில் பெண்கள் உலகக் கோப்பையை வென்று கிராண்ட்மாஸ்டரும் ஆனார். கோப்பை வென்ற பிறகுதான் அவர் சொன்னது நியாயமாகிறது என்றில்லை. கடைசி இடத்தில் வந்திருந்தாலும் அது நியாயம்தான். நேரலை நடத்துகிறவர்கள் அத்தகைய கருத்துகளை உடனே நீக்க வேண்டும். அது ஒரு விரல் அசைவு. செய்ய மனம் வேண்டும்.

எங்கள் கழகம் நடத்தும் போட்டிகளுக்குப் பெண்கள் வருவதே இல்லை. நுழைவுக் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தும் பயனில்லை.
– ஒரு கழகச் செயலாளர், நாமக்கல்

கேட்டதற்கு நன்றி. கட்டணத்தை விடக் கழிப்பறையைப் பாருங்கள். தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, குப்பைக்கூடை இருக்கிறதா? ஒரு சுற்று நான்கு மணி நேரம் போகும் போட்டியில், போக வேண்டியிருக்குமே என்று பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் ஆடும் பெண்களை எனக்குத் தெரியும். தலைவலியோடு கடைசி ஒரு மணி நேரத்தில் அவர்கள் செய்யும் பிழைகளுக்குப் ‘பெண்களுக்கு நெருக்கடி தாங்காது’ என்று பெயர் வைக்கிறோம்.

கடைசிச் சுற்று இருட்டுவதற்குள் முடியட்டும். வெளியூர்ப் பெண் இரவு பத்து மணிக்கு எந்த பஸ்ஸைப் பிடிப்பாள்? பத்தாம் வகுப்புக்குப் பிறகு பையன்கள் தனியாகப் போட்டிக்குப் போகத் தொடங்குகிறார்கள். பெண்ணுக்குத் துணைக்கு யார் போவது என்ற கேள்வியில்தான் பெரும்பாலான வீடுகளில் ஆட்டம் நின்றுபோகிறது. குறைந்த நேரத்தில் முடியும் ஒருநாள் ரேபிட் போட்டிகள் சிலவற்றை நடத்திப் பாருங்கள். பெண் நடுவர்களுக்கும் வாய்ப்புக் கொடுங்கள். தலைமை நடுவர் என்று அட்டை மாட்டிக்கொண்டு நிற்கும் என்னிடமே, “மேடம், எந்தப் பிள்ளையைக் கூட்டி வந்தீர்கள்?” என்று கேட்டுவிட்டு, விதியைப் பற்றிய சந்தேகத்தை என் பக்கத்தில் நிற்கும் இளைஞரிடம் கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். நடுவர் மேசையில் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பழகினால்தான் அது மாறும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். தொடக்க விழாவில் பன்னீர் தெளிக்கவும், சந்தனம் கொடுக்கவும், விருந்தினருக்குப் பொன்னாடைத் தட்டை ஏந்தி நிற்கவும் விளையாட வந்த சிறுமிகளை அழைக்காதீர்கள். அரை மணி நேரத்தில் அவர்களுக்கும் முதல் சுற்று இருக்கிறது. அவர்கள் தட்டோடு நிற்கும்போது பையன்கள் மூலையில் உட்கார்ந்து திறப்பாட்டத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு 43 வயது. மகனுக்காக டிபன் பாக்ஸோடு போட்டி வாசல்களில் காத்திருந்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன். ஒரு போட்டியில் நானே ஆட ஆசை. சிரிப்பார்களா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

ஒன்றிரண்டு பேர் சிரிக்கலாம். முதல் ஆட்டம் தொடங்கியதும் அவர்களுக்கும் அவரவர் பலகைதான் கண்ணில் தெரியும். நீங்கள் அவசியம் ஆடுங்கள்.

விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய தாயார் சுசீலா. குடும்பம் மணிலாவில் இருந்தபோது, மகன் பள்ளியில் இருக்கும் நேரத்தில் தொலைக்காட்சியில் வரும் சதுரங்கப் புதிர்களை அவர்தான் குறித்துவைத்தார். உலகச் சாம்பியனின் முதல் குரு ஒரு பெண். ஆனாலும் போட்டி வாசலில் நிற்கும் அம்மாக்களைப் பார்த்தால் அவர்களுக்கும் ஆட்டம் தெரிந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு ஆட்டம் முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். 2017இல் மகளைப் பெற்ற ஹம்பி 2019இல் உலக ரேபிட் சாம்பியன் ஆனார். 2022இல் மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாடில் இந்திய ஆட்டக்காரர் ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக ஆடி, அணியோடு வெண்கலம் வென்றார். அந்த மாதமே குழந்தை பிறந்தது.

அறிவிப்பில் ஓபன் என்றிருந்தால் ஆண், பெண், வயது எதுவும் தடையில்லை. ரேட்டிங் இல்லாதவர்களும் ஆடலாம். நகர்த்தல்களை எழுதவும், நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்தவும் வீட்டில் பழகிக்கொள்ளுங்கள். அன்று ஒருநாள் டிபன் பாக்ஸை மகன் தூக்கி வரட்டும்.

எனக்கு 11 வயது. எதிரில் உட்கார்ந்த அண்ணன், “பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்” என்றான். என் நேரம் ஓடும்போதெல்லாம் காய்களைத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்தான். மூன்று முறை டிரா கேட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் என்ன செய்திருக்க வேண்டும் ஆன்ட்டி?
– திருநெல்வேலி

கண்ணு, அழுகை வந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவன் செய்தது விதிப்படி தவறு. உன் முறை வரும்போது அவன் காய்களைத் தொடவே கூடாது. அவனுடைய முறையில்கூட, “சரிசெய்கிறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். எதிராளியின் கவனத்தை எந்த வகையிலும் கலைக்கக் கூடாது என்று ஃபிடே விதியிலேயே இருக்கிறது. திரும்பத் திரும்ப டிரா கேட்பதும் அதில் அடங்கும். பத்து நிமிடத்தில் முடிப்போம் என்றால் நீ பதில் சொல்ல வேண்டாம். உனக்குக் கொடுத்த நேரம் முழுக்க உன்னுடையது.

அடுத்த முறை இப்படி நடந்தால் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கு. நடுவர் வரும்வரை கையை இறக்காதே. அவனிடம் பேசாதே, நடுவரிடம் மட்டும் சொல். அவர் அவனை எச்சரிக்கலாம், உனக்குக் கூடுதல் நேரமும் கொடுக்கலாம். டிரா கேட்கும் ஒவ்வொரு முறையும் உன் தாளில் அந்த நகர்த்தலுக்குப் பக்கத்தில் (=) என்று குறித்து வை. விதியும் அப்படித்தான் குறிக்கச் சொல்கிறது. மூன்று முறை கேட்டிருந்தால் மூன்று குறிகள் இருக்கும். நடுவர் அதைப் பார்த்த பிறகு நீ அதிகம் விளக்க வேண்டியிருக்காது.